சேற்று ஏரியைக் காத்த பறவை மனிதர்
சலீம் அலியின் வாழ்க்கைக் கதை

அல்லி எங்கே பூக்கும்?

ஆழமான அணையில் பூக்காது. பாய்ந்து ஓடும் ஆற்றிலும் பூக்காது. முழங்கால் அளவு, இடுப்பு அளவு தண்ணீர் நிற்கும் குளத்தில், அடியில் சேறு படிந்த இடத்தில்தான் பூக்கும்.

தேனியை ஒட்டி இருக்கும் அல்லிநகரத்தின் பெயரிலேயே அந்தப் பூ இருக்கிறது.

ஆழம் இல்லாத சேற்றுக் குளத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. குளிக்க உதவாது. படகு விட முடியாது. கரையில் நின்றால் கொசு கடிக்கும். அதைத் தூர்த்துவிட்டால் நெல் போடலாம், வீடு கட்டலாம் என்றுதான் பலருக்கும் தோன்றும்.

வடநாட்டிலே அப்படி ஒரு சேற்று ஏரி இருந்தது. அதையும் வடித்துவிட்டு விவசாயம் செய்ய வேண்டும் என்று கூச்சல் கிளம்பியது. ஒரு மனிதர் குறுக்கே வந்தார். ஏரி பிழைத்தது. இன்று உலகம் முழுவதிலும் இருந்து மக்கள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

அந்த மனிதர் மந்திரி அல்ல. மகாராஜா அல்ல. கல்லூரிப் பட்டம் கூடப் பெறாதவர். ஒல்லியான உடம்பு. கழுத்தில் ஒரு தொலைநோக்கி. கையில் ஒரு குறிப்புப் புத்தகம். அவ்வளவுதான் அவருடைய ஆயுதம்.

அவர்தான் சலீம் அலி!

அவருடைய பெயர் தேனி மாவட்டத்து மலையிலும் இன்று பறந்துகொண்டு இருக்கிறது. அது எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் அவருடைய கதையைக் கேளுங்கள்.

தாயும் தந்தையும் இல்லாத பிள்ளை

1896-ம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ந் தேதி சலீம் அலி பம்பாயில் பிறந்தார். வீட்டில் பிள்ளைகள் பலர். அவர்தான் கடைக்குட்டி.

அவருக்கு ஒரு வயதாகும்போது தந்தை இறந்துபோனார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். பிள்ளைகளை எல்லாம் தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜி தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். மாமாவுக்குக் குழந்தை கிடையாது. மாமி அமீதா பேகம் பெற்ற பிள்ளைகளைப் போலவே அவர்களை வளர்த்தார்.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கு ஒரு விளையாட்டுத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். சின்ன ரவை போட்டுச் சுடும் காற்றுத் துப்பாக்கி அது.

பையனுக்குக் கொண்டாட்டம்! கையில் துப்பாக்கியும் கண்ணெதிரே குருவிகளும் இருந்தால் சும்மா இருப்பானா? தினமும் குருவி சுடுவதே வேலை ஆயிற்று.

வாழ்க்கையைத் திருப்பிய குருவி

சலீமுக்கு அப்போது பத்து வயது இருக்கலாம். ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியை எடுத்துப் பார்த்தான். பார்ப்பதற்குச் சாதாரண ஊர்க்குருவி போல இருந்தது. ஆனால், தொண்டையில் மட்டும் மஞ்சள் பூசினாற்போல ஒரு திட்டு!

இது என்ன குருவி? பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாமாவிடம் ஓடினான். மாமாவுக்கும் தெரியவில்லை.

பம்பாயில் இயற்கை வரலாற்றுச் சங்கம் என்று ஒரு சங்கம் இருந்தது. 1883-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட சங்கம் அது. மிருகங்கள், பறவைகள், பூச்சிகள் இவற்றைப் பற்றி ஆராய்வது அதன் வேலை. அங்கே போய்க் கேள் என்று மாமா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

சங்கத்தின் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரர். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார துரையின் முன்னால் போய் நிற்பது என்றால் பெரியவர்களே நடுங்குவார்கள். பையன் செத்த குருவியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, பயந்து பயந்து உள்ளே போனான்.

துரை விரட்டவில்லை. அன்பாகப் பேசினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். சங்கத்தில் இருந்த இழுப்பறைகளைத் திறந்து காட்டினார்.

ஒவ்வொன்றிலும் பஞ்சு அடைத்துப் பதப்படுத்திய பறவைகள்! நூற்றுக்கணக்கில் வரிசையாக இருந்தன. இந்தியாவில் இத்தனை விதப் பறவைகளா என்று பையன் வாய் பிளந்து நின்றான்.

அன்று திறந்த இழுப்பறை, ஒரு பெரிய வாழ்க்கையையே திறந்துவிட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர் தம் சுயசரிதையை எழுதியபோது, அதன் பெயரிலேயே அந்தக் குருவியை வைத்தார்.

வேலை போயிற்று

பறவைமேல் ஆசை வைத்தால் மட்டும் வயிறு நிறையுமா?

சலீமுக்குக் கணக்கு வரவில்லை. கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. அண்ணன் பர்மாவில் சுரங்க வேலையும் மர வியாபாரமும் செய்துகொண்டு இருந்தார். உதவிக்குப் போனார் சலீம். அங்கே காட்டில் பறவைகளைப் பார்த்த நேரம்தான் அதிகம். வியாபாரம் நஷ்டத்தில் முடிந்தது.

1917-ம் ஆண்டு பம்பாய்க்குத் திரும்பினார். மறு ஆண்டு தெமினா பேகத்தை மணந்துகொண்டார். தெமினா சீமையில் படித்தவர். பட்டணத்து வசதிகளில் வளர்ந்தவர். ஆனால், கணவருடைய மனம் எதில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டார்.

பறவை ஆராய்ச்சி வேலைக்குச் சலீம் அலி மனுப் போட்டார். பட்டம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். பிறகு 1926-ம் ஆண்டில் பம்பாய் மியூசியத்தில் ஒரு வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு மிருகங்களையும் பறவைகளையும் பற்றி விளக்கிச் சொல்லும் வேலை.

இன்னும் படிக்க வேண்டும் என்று விடுமுறை எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் நகரில் ஸ்டிரெசமான் என்ற பேரறிஞரிடம் பறவை ஆராய்ச்சி கற்றார். 1930-ம் ஆண்டு ஊர் திரும்பினார்.

வந்து பார்த்தால், வேலையே இல்லை! பணம் போதவில்லை என்று அந்த உத்தியோகத்தையே எடுத்துவிட்டார்கள்.

கையில் காசு குறைந்தது. பம்பாயில் குடித்தனம் நடத்த முடியாது. கணவனும் மனைவியும் கடலுக்கு அக்கரையில் உள்ள கிகிம் என்ற கிராமத்துக்குப் போனார்கள். அங்கே தெமினாவின் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது.

தூக்கணாங்குருவியின் ரகசியம்

மழைக்காலம் வந்தது. வீட்டின் அருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கின.

நம் ஊரில் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்க்காதவர் இல்லை. கிணற்றுமேட்டு மரத்திலும் பனை ஓலையிலும் தொங்கும். அதன் வேலைப்பாட்டைப் பார்த்து வியக்கிறோம். ஆனால், அங்கே என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை பேர்?

வேலை இல்லாத சலீம் அலி, நாள்தோறும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததை எழுதினார்.

ஆண் குருவிதான் கூட்டைக் கட்டுகிறது. அதுவும் பாதிக் கூடுதான் கட்டும். பெண் குருவிகள் வந்து வீட்டைச் சோதிக்கும். உள்ளே போய் இழுத்துப் பார்க்கும். பிடிக்காவிட்டால் பறந்துவிடும். பிடித்துவிட்டால் அந்தக் கூட்டிலே குடியேறும். அதற்குப் பிறகுதான் ஆண் குருவி மீதிக் கூட்டைக் கட்டி முடிக்கும்.

பெண் குருவி முட்டை இட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி இன்னொரு பாதிக் கூடு கட்டும். இன்னொரு பெண் குருவி வரும்!

இதை அதுவரை யாரும் சரியாகக் கண்டு எழுதியதில்லை. அவர் எழுதியதைப் படித்து வெளிநாட்டு அறிஞர்களும் வியந்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் அவரிடம் இல்லை. பொறுமை இருந்தது. கண் இருந்தது. கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மை இருந்தது.

குமுளி வரை வந்தார்

அப்போது இந்தியாவில் சுதேச ராஜ்யங்கள் பல இருந்தன. எந்த ராஜ்யத்தில் என்ன பறவை இருக்கிறது என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. அந்தக் கணக்கை எடுத்துத் தருகிறேன் என்றார் சலீம் அலி. தமக்குச் சம்பளம் வேண்டாம், முகாம் செலவை மட்டும் கொடுத்தால் போதும் என்று ஏற்றுக்கொண்டார்.

ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர், போபால் என்று ராஜ்யம் ராஜ்யமாக நடந்தார். தெமினாவும் கூடவே போனார். கூடாரத்திலும் பாழடைந்த விடுதியிலும் குடித்தனம். மாட்டு வண்டியில் பயணம். அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை.

1933-ம் ஆண்டு திருவிதாங்கூர் மலைகளில் பறவைக் கணக்கு எடுத்தார்கள். மறையூர், மூணாறு, பீர்மேடு என்று போனார்கள். கம்பத்துக்கு மேலே இருக்கும் குமுளியிலும் முகாம் போட்டார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு வாழ்வு தரும் பெரியாற்று நீர்த்தேக்கத்தைச் சுற்றி உள்ள காட்டில், இன்று யானையும் புலியும் பார்க்கக் கூட்டம் வருகிறது. அவர் வந்தபோது அங்கே அத்தனை கூட்டம் இல்லை.

1939-ம் ஆண்டில் தெமினா நோயுற்றார். சிறிய அறுவைச் சிகிச்சைதான் நடந்தது. ஆனால், உடம்பு தேறவில்லை. இறந்துபோனார். சலீம் அலி மனம் உடைந்துபோனார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. தங்கை போல் பேணிய தம் அக்காள் வீட்டில் தங்கி, முழு நேரத்தையும் பறவைகளுக்கே கொடுத்தார்.

1941-ம் ஆண்டில் இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வண்ணப் படங்களோடு, யாரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதிய புத்தகம் அது. ஜவஹர்லால் நேரு அந்தப் புத்தகத்தை விரும்பிப் படித்தார். தம் மகள் இந்திராவுக்கும் படிக்கக் கொடுத்தார். அந்த நட்பு பின்னால் ஒரு ஏரியைக் காப்பாற்ற உதவியது.

பரத்பூர் ஏரி

அந்த ஏரி ராஜஸ்தானத்தில் பரத்பூர் என்ற ஊரின் அருகே இருக்கிறது. தாஜ்மகால் இருக்கும் ஆக்ராவிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தூரம்.

முன்பு அது ஒரு பள்ளம். கம்பீர், பாணகங்கை என்ற ஆறுகளின் வெள்ளம் வந்து தேங்கும். 18-ம் நூற்றாண்டில் பரத்பூரை ஆண்ட சூரஜ்மால் மகாராஜா, அஜான் அணை என்ற மண்கரையைக் கட்டினார். அதிலிருந்து வந்த நீர் பள்ளத்தில் பரவி நின்றது. நம் ஊர்க் கண்மாய் போலத்தான்.

ஏரியின் நடுவில் ஒரு சிவன் கோவில் இருக்கிறது. சுவாமியின் பெயர் கேவலாதேவர். அந்தப் பெயரே அந்த இடத்துக்கும் ஆகிவிட்டது.

மழை பெய்தால் ஏரி நிறையும். பெரும்பாலான இடத்தில் ஒரு ஆள் ஆழத்துக்கு மேல் தண்ணீர் இராது. கோடையில் வற்றிச் சேறாகும். கரையைச் சுற்றிக் கருவேல மரங்கள். தண்ணீருக்குள்ளும் மரத் திட்டுகள்.

இப்படிப்பட்ட இடம்தான் பறவைக்குச் சொர்க்கம்! ஆழமான நீரில் கொக்கும் நாரையும் கால் ஊன்றி நிற்க முடியாது. ஆழமற்ற நீரில் வெயில் அடிவரை பாயும். பாசி வளரும். புழு, பூச்சி, நத்தை, மீன் எல்லாம் பெருகும். கோரையும் அல்லியும் முளைக்கும். ஒவ்வொரு பறவைக்கும் அதற்கேற்ற ஆழத்தில் சாப்பாடு காத்திருக்கும்.

நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன் எல்லாம் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வாத்துகள் ஆயிரம் ஆயிரமாக வந்து இறங்கும். சைபீரியாவில் இருந்து 5,000 கிலோமீட்டர் பறந்து வெள்ளைக் கொக்குகள் வரும். எதைத் தின்ன வரும் தெரியுமா? சேற்றில் இருக்கும் கோரைக் கிழங்கை!

ஒரே நாளில் 4,273

பறவை வந்தால் வேட்டைக்காரன் வராமல் இருப்பானா? மகாராஜாக்கள் அந்த ஏரியை வாத்து வேட்டைக்காகவே வைத்திருந்தார்கள். வைஸ்ராய்களும் பிரபுக்களும் விருந்தாளிகளாக வருவார்கள். விடிந்ததும் துப்பாக்கிகள் முழங்கும்.

1938-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தார். அன்று ஒரே நாளில் சுட்டு வீழ்த்திய பறவைகள் 4,273!

இது பெருமைக்குரிய செயல் என்று கல்லிலே வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் இன்றும் கோவில் பக்கத்தில் நிற்கிறது. அன்று பெருமையாக வெட்டிய எழுத்தை, இன்று வருகிறவர்கள் வேதனையோடு படிக்கிறார்கள்.

அந்த நாள் சலீம் அலியின் பிறந்த நாள். அவருக்கு அன்று 42 வயது நிறைந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். சலீம் அலியும் துப்பாக்கி பிடித்தவர்தான். ஆராய்ச்சிக்காக அவரும் பறவைகளைச் சுட்டிருக்கிறார். அதை அவர் மறைக்கவில்லை. ஆனால், தெரிந்துகொள்வதற்காக ஒன்றைச் சுடுவது வேறு, கணக்கு ஏற்றுவதற்காக ஆயிரக்கணக்கில் சுடுவது வேறு என்று அவர் கருதினார்.

ஏரிக்கு ஆபத்து

இந்தியா சுதந்திரம் பெற்றது. ராஜ்யங்கள் ஒழிந்தன. இனி மகாராஜாவுக்கு எதற்கு வேட்டை ஏரி என்ற கேள்வி எழுந்தது.

சுற்று வட்டார மக்கள் ஏழைகள். நிலம் இல்லாதவர்கள். ஏரித் தண்ணீரை வடித்துவிட்டு நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அரசியல்வாதிகளும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தக் கோரிக்கையில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. நாட்டில் அரிசிக்கும் கோதுமைக்கும் பஞ்சம் இருந்த காலம் அது. பறவைக்கு ஏரி, மனிதனுக்குப் பட்டினியா என்று கேட்டால் யார்தான் பதில் சொல்வது?

சலீம் அலி பதில் சொன்னார். அந்த ஏரி பறவைக்கு மட்டும் உரியது அல்ல. அதில் நிற்கும் தண்ணீர்தான் சுற்று வட்டாரக் கிணறுகளில் ஊறுகிறது. வடித்துவிட்டால் சில ஆண்டுகளுக்கு விளையும். பிறகு கிணறும் வற்றும், நிலமும் காயும். உலகத்தில் இது போல் இன்னொரு இடமும் கிடைக்காது.

இந்த விஷயத்தை அவர் பிரதம மந்திரி நேருவின் காதில் போட்டார். நேரு தலையிட்டார். ஏரி தப்பியது!

1956-ம் ஆண்டில் பரத்பூர் ஏரி பறவைகளின் சரணாலயம் ஆயிற்று. ஆனாலும், பெரிய மனிதர்களின் வேட்டை சில ஆண்டுகள் நடந்துகொண்டுதான் இருந்தது. பிறகுதான் துப்பாக்கிச் சத்தம் முற்றிலும் நின்றது.

காலிலே வளையம்

துப்பாக்கி முழங்கிய ஏரியில் சலீம் அலியும் அவருடைய சீடர்களும் வலை விரித்தார்கள். கொல்வதற்கு அல்ல. பறவையைப் பிடித்து, அதன் காலில் எண் பொறித்த சின்ன வளையத்தை மாட்டிப் பறக்கவிட்டார்கள்.

அந்தப் பறவை எங்கேயாவது பிடிபட்டால், வளையத்தில் உள்ள விலாசத்துக்குத் தகவல் வரும். எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். பரத்பூரில் வளையம் மாட்டிய வாத்துகள் ரஷ்ய நாட்டில் அகப்பட்டன. பனிமலை தாண்டிப் பறப்பது கதையல்ல, உண்மை என்று கையில் பிடித்துக் காட்டியதாயிற்று.

உலக சுகாதார நிறுவனமும் இந்த வேலைக்கு உதவியது. வெளிநாட்டுப் பறவைகள் மூலம் நோய்க் கிருமி வருகிறதா என்று அறிய அது விரும்பியது. 1959-ம் ஆண்டில் இந்த வேலை பெரிய அளவில் தொடங்கியது. நம் கோடிக்கரையிலும் சங்கத்தார் முகாம் போட்டுப் பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள்.

சலீம் அலி சும்மா இருக்கத் தெரியாதவர். மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1950-ம் ஆண்டு சுவீடனில் பறவை அறிஞர்கள் மாநாடு நடந்தது. தம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐரோப்பாவில் அதிலேயே மாநாட்டுக்குப் போனார். வயது 53!

அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து, இந்தியாவின் பறவைகளைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயது 77.

பட்டம் இல்லை என்று தள்ளப்பட்டவருக்கு, அலிகார் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. அரசாங்கம் 1958-ல் பத்மபூஷண் விருதும், 1976-ல் பத்மவிபூஷண் விருதும் கொடுத்தது. வெளிநாட்டில் இருந்து பெரிய பணப் பரிசு ஒன்றும் வந்தது. அந்தப் பணத்தைத் தமக்கு வைத்துக்கொள்ளவில்லை. இயற்கையைப் பாதுகாக்கும் நிதிக்கே கொடுத்துவிட்டார். 1985-ம் ஆண்டில் ராஜ்யசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார்.

எருமை சொன்ன பாடம்

இத்துடன் கதை முடிந்தால் இனிப்பாக இருக்கும். ஆனால், பெரியவர்களின் வாழ்க்கையில் கசப்பும் உண்டு. அதையும் சொன்னால்தான் கதை முழுமை பெறும்.

சரணாலயத்தைச் சுற்றிப் பல கிராமங்கள். அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் எருமைகளை ஏரியில் மேய்த்து வந்தார்கள். எருமை மேய்ந்தால் ஏரி கெடும், பறவைக்குத் தொந்தரவு என்று சலீம் அலி கருதினார். மேய்ச்சலைத் தடுக்க வேண்டும் என்ற கட்சியில் அவரும் இருந்தார்.

1982-ம் ஆண்டில் பரத்பூர் தேசியப் பூங்கா ஆயிற்று. எருமைகள் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மக்களுக்கு மாற்று ஏற்பாடு சரியாகச் செய்யவில்லை. கலகம் மூண்டது. போலீசார் சுட்டார்கள். கிராமத்தார் சிலர் உயிர் இழந்தார்கள்.

பறவைகளைச் சுடுவது நின்ற இடத்தில், மனிதர்கள் சுடப்பட்டார்கள்! அந்த வேதனை இன்றும் அந்த ஊர்களில் ஆறவில்லை.

பிறகு நடந்ததுதான் வியப்பு. எருமை இல்லாத ஏரியில் பறவைகள் பெருகவில்லை. நீர்ப்புல் தலைகால் தெரியாமல் வளர்ந்தது. தண்ணீரையே மூடிக்கொண்டது. வாத்து நீந்த இடம் இல்லை. கொக்கு மீன் பிடிக்க வழி இல்லை. கோரைக் கிழங்கைத் தோண்டவும் முடியவில்லை. இத்தனை காலம் புல்லை மேய்ந்தும் மிதித்தும் ஏரியைத் திறந்து வைத்திருந்தது, விரட்டப்பட்ட அந்த எருமைதான்!

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் யார்? சலீம் அலியின் சொந்தச் சங்கத்தார்! 1980-ம் ஆண்டில் இருந்து பத்து ஆண்டுகள் அந்த ஏரியிலே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து எழுதினார்கள். தூக்கணாங்குருவிக் கூட்டின் அடியில் அவர் உட்கார்ந்தது போலத்தான். தங்கள் தலைவரின் கருத்துக்கு மாறாக இருக்கிறதே என்று அவர்கள் மறைக்கவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதினார்கள்.

அதுதான் அவர் கற்றுக்கொடுத்த பாடம். அவர் தவறியபோது, அவருடைய பாடமே அவரைத் திருத்தியது. ஒரு குருவுக்கு இதைவிடப் பெருமை வேண்டுமா?

அந்த அறிக்கை வெளிவந்தபோது சலீம் அலி உயிரோடு இல்லை. 1987-ம் ஆண்டு ஜூன் மாதம் 20-ந் தேதி பம்பாயில் காலமானார். வயது 90.

பிற்காலத்தில் கிராம மக்கள் உள்ளே போய்ப் புல் அறுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. மாட்டுக்குத் தீனி ஆயிற்று, ஏரிக்கும் வழி பிறந்தது.

ஆனால், சைபீரியக் கொக்குகள் மெல்ல மெல்லக் குறைந்தன. அவை பறந்துவரும் வழியிலும் வேட்டைக்கு இரையாயின. 2002-ம் ஆண்டுக்குப் பிறகு பரத்பூரில் ஒன்று கூட இறங்கவில்லை.

ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டியதால் ஏரிக்குத் தண்ணீர் வருவதும் தடுமாறியது. மேலே இருக்கும் விவசாயிக்கும் தண்ணீர் வேண்டும், கீழே இருக்கும் பறவைக்கும் வேண்டும். கால்வாயும் குழாயும் வைத்து வேறு இடத்தில் இருந்து நீர் கொண்டுவந்தார்கள். ஏரி பிழைத்துக்கொண்டு இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நமக்கு, தண்ணீரின் அருமையை யாரும் சொல்ல வேண்டியது இல்லை.

மேகமலையில் பறக்கும் பெயர்

தேனி மாவட்டத்து மலையில் அவர் பெயர் பறக்கிறது என்றோமே, அது என்ன?

1948-ம் ஆண்டில் மேகமலையில் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு வௌவாலைப் பிடித்தார். பழம் தின்னும் வௌவால். பதப்படுத்திப் பம்பாய்ச் சங்கத்துக்கு அனுப்பினார். சாதாரண வௌவால் என்று நினைத்து இழுப்பறையில் போட்டுவிட்டார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தோங்லோங்யா அதை எடுத்துச் சோதித்தார். உலகத்தில் யாருக்கும் தெரியாத புது இனம் என்று கண்டார்! 1972-ம் ஆண்டில் அதற்குச் சலீம் அலியின் பெயரையே வைத்தார்.

மறுபடியும் ஒரு இழுப்பறை! சின்னப் பையனாக அவர் வாய் பிளந்து நின்ற அதே சங்கத்தின் இழுப்பறை.

பல ஆண்டுகள் வரை, உலகத்திலேயே மேகமலையில் மட்டும்தான் அந்த வௌவால் இருப்பதாகத் தெரிந்திருந்தது. பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறு சில இடங்களிலும் கண்டார்கள். பார்ப்பதற்கு அழகாக இராது. ஆனால், பழத்தைத் தின்று கொட்டையைக் காடெங்கும் விதைக்கும் வேலைக்காரன் அது.

கோவைக்குப் பக்கத்தில் ஆனைகட்டியிலும் அவர் பெயரால் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் 1990-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பரத்பூர் ஆராய்ச்சியை நடத்திய விஜயன் அதன் முதல் டைரக்டர் ஆனார்.

நம் கண்மாயைப் பாருங்கள்

சலீம் அலி காப்பாற்றியது ஏரியை மட்டும் அல்ல. சேறு நிற்கும் இடம் எல்லாம் வீண் இடம் என்ற எண்ணத்தை மாற்றினார். 1985-ம் ஆண்டில் பரத்பூரை உலகப் பாரம்பரியச் செல்வம் என்று அறிவித்தார்கள். மொத்தம் 29 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 350-க்கு மேற்பட்ட பறவை இனங்களைக் கண்டிருக்கிறார்கள்.

செங்கற்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல் மக்கள் இதை வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஏரி மரத்தில் தங்கும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கும். அந்தத் தண்ணீர் பாய்ந்தால் வயல் செழிக்கும். ஆகவே, பறவையைச் சுட வருகிறவர்களை ஊரார் விடமாட்டார்கள்.

நம் பக்கத்திலும் கண்மாய்கள் இருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் ஒரு நாள் அதிகாலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். கொக்கு எது, மடையான் எது, நீர்க்காகம் எது என்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நோட்டுக்கும் பென்சிலுக்கும் பெரிய செலவு ஆகாது.

பிள்ளை ஏதாவது ஒரு பறவையைக் காட்டி, இது என்ன என்று கேட்கும். தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். விரட்டவும் வேண்டாம். தெரிந்தவரிடம் அனுப்பி வையுங்கள்.

அப்படி ஒரு மாமா அனுப்பி வைத்ததால்தான், நாட்டுக்கு ஒரு சலீம் அலி கிடைத்தார்.